மைதானத்து மாமா பதில்கள்

கேள்வி: மாலைதீவில் ஒரு கழகத்துக்கு உதைபந்து ஆடும் என் மகனுக்கு இரண்டு மாதமாகச் சம்பளமில்லை. வீரர் சங்கம் என்ன செய்யும்?
- வாசகி, கல்லாறு

பதில்: கோபத்தில் பெட்டி கட்டவேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள், தங்கச்சி. ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகுதான் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அந்தக் கடிதத்தைச் சரியாக எழுதித் தருவது, ஃபிஃபா தீர்ப்பாயம்வரை வழக்கைக் கொண்டுபோவது எல்லாம் சங்கத்தின் வேலை. இங்கிலாந்தில் வாரம் 20 பவுண் என்ற சம்பள உச்சவரம்பை 1961இல் உடைத்ததும் அந்த நாட்டு வீரர் சங்கம்தான். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் அந்தக் காலம் நாங்கள் ஆடியது பிளேன்டீக்கும் பணிசுக்கும். ஒப்பந்தத் தாளைக் கண்ணாலும் கண்டதில்லை. சரி, மகனிடம் அந்தத் தாள் இருக்கிறதா? வங்கிக் கணக்கு விபரத்தோடு, "நாளைக்குத் தாறோம்" என்று கழகம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.