வாசகர் கேள்வி பதில்: பள்ளிக்கூடம் பக்கத்தில் வரட்டும்

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழு, ஒதுக்குப்புறமான சில கிராமங்களில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஆனால் அனுப்புவதில்லை. இந்தப் பெற்றோரை எப்படித்தான் மாற்றுவது?

பதில்: அந்த ஊர்களிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? பெற்றோரின் மனசைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பிள்ளை நடந்து போகவேண்டிய பாதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஆப்கானிஸ்தானில் கோர் என்று ஒரு மாகாணம், மலைப்பகுதி, பெண்கல்விக்கு இதைவிடக் கடினமான இடம் கிடைப்பது அரிது. அங்கே 2007-ல் 31 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அதில் 13 கிராமங்களுக்கு மட்டும் மற்றவற்றைவிட ஒரு வருடம் முன்னதாகவே ஊருக்குள்ளே பள்ளி ஆரம்பித்தார்கள். பெரிய கட்டடம் எதுவும் இல்லை, ஊர்க்காரர்களே இடம் கொடுத்தார்கள், அந்தப் பகுதியில் படித்தவர் ஒருவர் பாடம் எடுத்தார், அவ்வளவுதான். டானா பர்டே, லீ லிண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பள்ளி வந்த ஊர்களில் படிக்கும் பெண்பிள்ளைகளின் விகிதம் மற்ற ஊர்களைவிட ஐம்பது சதவீதப் புள்ளிக்கும் மேல் கூடியிருந்தது. பள்ளியில் சேர்வதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமலே போனது. தூரம் ஒரு மைல் கூடினால் பெண்பிள்ளைகளின் சேர்க்கை 19 புள்ளி விழுந்தது, பையன்களுக்கு 13.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதே அப்பா, அதே அம்மா, அதே ஊர்ப் பெரியவர்கள். யாருடைய மனசையும் யாரும் மாற்றவில்லை, பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தது, பிள்ளையை அனுப்பினார்கள். ஏழு வயசுப் பெண்ணைத் தனியாக இரண்டு மைல் அனுப்பத் தயங்குகிற தாயை நாம் 'விழிப்புணர்வு இல்லாதவள்' என்று சொல்லிவிடுகிறோம், அவளோ வழியில் இருக்கிற ஓடையையும் ஆளில்லாத காட்டையும் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவள். பையனை அதே வழியில் அனுப்புகிறாளே என்று கேட்பீர்கள். ஆமாம், அது பாகுபாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாகுபாடு முழு பலத்தோடு வெளியே வருவது தூரம் இருக்கும்போதுதான்.

அடுத்த தடவை கூட்டம் போடுவதற்கு முன்னால், அந்த ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தியோடு அவள் வீட்டு வாசலிலிருந்து பள்ளிவரை நடந்து போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் இன்னொரு தடவை நடந்து பாருங்கள். அப்புறம் ஊர்க்காரர்களோடு பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: ஊருக்கு ஊர் ஒரு சின்னப் பள்ளி, ஒற்றை ஆசிரியர் என்று வைத்தால் தரம் எங்கே இருக்கும்? நாலைந்து சின்னப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு நல்ல பெரிய பள்ளியாக்கி, வண்டி விட்டால் போதாதா?

பதில்: வண்டி தினமும் வந்தால் போதும். வராத நாள்தான் சிக்கல். இரண்டு நாள் வண்டி நின்றால் பையன் எப்படியாவது நடந்தோ யாருடைய சைக்கிளிலோ போய்விடுவான், பெண்பிள்ளை வீட்டில் இருந்துவிடுவாள், அப்படியே பழகியும் போய்விடும். அதனால் பள்ளிகளை இணைக்க நினைப்பவர்கள் முதலில் வண்டியை ஒரு வருடம் தவறாமல் ஓட்டிக் காட்டட்டும், அதற்குப் பிறகு பழைய பள்ளியைப் பூட்டலாமா என்று பேசலாம்.

சின்னப் பள்ளி என்றாலே தரம் குறைவு என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1985-ல் 22 பள்ளிகளோடு ஒரு கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே அறை, முப்பது பிள்ளைகள் போல, அதில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரிலேயே இருக்கிற பெண்கள், பெரிய பட்டம் பெற்றவர்கள் இல்லை, ஆனால் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதை இடையில் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். பள்ளி நேரத்தைப் பெற்றோரோடு பேசி வைத்தார்கள், வீட்டு வேலைக்கும் அறுவடைக்கும் இடிக்காத மாதிரி. பின்னாளில் இது பல ஆயிரம் பள்ளிகளாக வளர்ந்தது. ஆசிரியை தெரிந்த வீட்டுப் பெண் என்றால் தாய்க்கு ஒரு நிம்மதி, பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் சாயங்காலமே வந்து கேட்பாள். ஒரே ஆசிரியர், யாரும் எட்டிப் பார்க்காத பள்ளி, பயிற்சியும் கிடையாது என்றால் உங்கள் கவலை நியாயம்தான்.

கேள்வி: எங்கள் தொடக்கப்பள்ளியில் கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். எப்போதும் பூட்டியே கிடக்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டுப் போராடலாமா?

பதில்: முதலில் சாவியைக் கேளுங்கள், அப்புறம் தண்ணீரை. இந்தியாவில் பள்ளிக் கழிப்பறைகளைப் பற்றி நடந்த ஓர் ஆய்வில், சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவான கழிப்பறை இருந்தாலே சேர்க்கை கூடியது தெரிந்தது. வயசுக்கு வரும் பருவத்துப் பெண்களுக்குத்தான் தனிக் கழிப்பறை கட்டாயம் வேண்டியிருந்தது. அதற்காகத் தனிக் கழிப்பறையை விட்டுவிடச் சொல்லவில்லை. பூட்டு திறக்கட்டும் என்று காத்திராமல் தனிக் கழிப்பறையையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயது. படிக்க ஆசை. அம்மா வேலைக்குப் போவதால் கைக்குழந்தைத் தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவள் அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

பதில்: அந்த அம்மாவிடம் பேசுவதற்கு முன்னால் அந்தக் கைக்குழந்தைக்கு ஒரு இடம் பாருங்கள். புர்கினா ஃபாசோவில் பிரைட் என்ற திட்டத்தில் 132 கிராமங்களில் பெண்பிள்ளைகளை மனதில் வைத்தே பள்ளி கட்டினார்கள். தனிக் கழிப்பறை, தண்ணீர், ஒழுங்காக வரும் பெண்பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போக தானியம், இவற்றோடு சின்னக் குழந்தைகளை விட்டுவைக்க ஒரு காப்பகமும் வைத்தார்கள். இரண்டரை வருடத்தில் மொத்தச் சேர்க்கை 19 சதவீதப் புள்ளி கூடியது, பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சற்று அதிகம். உங்கள் ஊரில் காப்பகம் இல்லை என்றால், பள்ளி நேரத்துக்கு மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வயதானவர் கிடைப்பாரா என்று தேடுங்கள். அதுவும் கிடைக்காதவரை, தம்பியையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று ஆசிரியையிடம் நீங்களே போய்க் கேளுங்கள். குழந்தை அழுதால் வகுப்புக்கு இடைஞ்சல்தான். அவள் வராமலே போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு. இரண்டு வரி சேர்ந்தாற்போல் வாசிக்கத் தெரியவில்லை. எதற்கு அனுப்பவேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: வீட்டில் கேட்பது சரியான கேள்வி. நாலாம் வகுப்புப் பாடத்தையே தினமும் நடத்திக்கொண்டிருந்தால் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் சத்தம். உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு கிராமக் கூட்டங்கள் போட்டு, பள்ளிக் குழுவில் உங்களுக்கு என்ன உரிமை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தது. அதனால் பிள்ளைகளின் படிப்பில் மாற்றம் எதுவும் வரவில்லை. ஊர் இளைஞர்களே பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லித்தந்த முகாம்களுக்கு வந்த பிள்ளைகள்தான் தேறினார்கள். அந்த முறையில் வகுப்பைப் பார்ப்பதில்லை, பிள்ளைக்கு என்ன தெரியுமோ அதிலிருந்து தொடங்குவார்கள்.

இன்றைக்கே ஒரு பக்கத்தைக் கொடுத்து அவளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் தடுமாறுகிறாளா, சொல்லிலா, வரியிலா என்று பாருங்கள். திட்டவேண்டாம். தெரிந்துகொண்டதை ஆசிரியரிடம் சொல்லி, தினம் ஒரு மணி நேரம் அந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். வகுப்பில் அவளைப் போல இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், அவர்கள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.