அதிகாலை விழிப்பு இருக்கட்டும், அந்தக் கை நடுக்கத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: வயது 46. தூக்கம் வராததால் மூன்று வருடமாக இரவில் விஸ்கி எடுத்துக்கொள்கிறேன். இரண்டு லார்ஜ் (ஒரு லார்ஜ் 60 மில்லி), சில நாள் மூன்று. படுத்ததும் தூங்கிவிடுவேன். ஆனால் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, பயங்கரமான கனவுகள் வருகின்றன, இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். 3 மணிக்கு விழித்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமாம், இணையத்தில் படித்தேன். நண்பர் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையும் சில நாள் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். காலையில் கை லேசாக நடுங்குகிறது. விடுமுறை நாளில் கொஞ்சம் குடித்தால் நின்றுவிடுகிறது. வரும் ஒன்றாம் தேதி முதல் ஒரேயடியாக நிறுத்தப் போகிறேன். என் கல்லீரல் போய்விட்டதா, டாக்டர்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஒன்றாம் தேதிக்கு முன்பே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். அவரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

நிறுத்த வேண்டும் என்ற உங்கள் முடிவு சரியானது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தனியாக, ஒரே நாளில் நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அதற்குக் காரணம், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தக் கை நடுக்கம். காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால் நிற்கிறது என்றால், உங்கள் நரம்பு மண்டலம் மதுவோடு பழகி, அது இல்லாவிட்டால் தடுமாறும் நிலைக்கு வந்துவிட்டது. கல்லீரலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது 'நான் குடிக்கு அடிமையாகிவிட்டேனா' என்ற கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் எதுவானாலும் சரி, உங்கள் உடல் மதுவைச் சார்ந்திருக்கத் தொடங்கிவிட்டது. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மூளையில் அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் ஒன்று இருக்கிறது, காபா என்று பெயர். விழிப்போடும் துடிப்போடும் வைத்திருக்கும் இன்னொன்று குளூட்டமேட். மது முதலாவதற்குக் கைகொடுக்கிறது, இரண்டாவதை அமுக்குகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. அமுக்கத்தைச் சமாளிக்கத் தன் துடிப்பைக் கூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்க, உள்ளே இருப்பவர் எதிர்த்து முட்டுக்கொடுத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர் சட்டென்று கையை எடுத்தால், உள்ளே இருப்பவர் கதவோடு சேர்ந்து போய் விழுவார். மது திடீரென்று நின்றால் மூளைக்கும் அதே கதிதான்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, பதற்றம், குமட்டல் வரும். சிலருக்கு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பம் வரும். இல்லாத உருவங்கள் தெரியும், குரல்கள் கேட்கும், காய்ச்சலும் கடும் நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். டெலீரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. எல்லோருக்கும் இது வராது, பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை வீட்டில் உட்கார்ந்து யாராலும் கணிக்க முடியாது. நல்ல மன உறுதியோடு ஒரே நாளில் விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாளில் வலிப்போடோ குழப்பத்தோடோ அவசரப் பிரிவுக்கு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். விட வேண்டும் என்று நினைத்தவருக்குத் தண்டனை கிடைத்தது போல ஆகிவிடுகிறது. ஒரு வாரம் முன்பு மருத்துவரிடம் வந்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

மருத்துவர் என்ன செய்வார்? மூளையின் துடிப்பை அடக்கும் மாத்திரைகளை முதலில் போதிய அளவில் தந்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1 தருவார். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு இது குறைந்திருக்கும். மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவே பாதிக்கப்படும். வீட்டிலேயே இதைச் செய்யலாமா, மருத்துவமனையில் சேர வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவரைப் பார்க்கும் வரை இப்போதைய அளவைக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

அளவு என்றதும் இன்னொன்று. இரண்டு மூன்று லார்ஜுக்குக் காலை நடுக்கம் வருவது வழக்கமில்லை. வீட்டில் நாமே ஊற்றும்போது 60 மில்லி எளிதாக 90 ஆகிவிடும். அதனால் டம்ளரை விடுங்கள், பாட்டிலைக் கணக்கெடுங்கள். 750 மில்லி பாட்டிலில் சுமார் 12 லார்ஜ் இருக்கிறது. தினம் மூன்று என்றால் நான்கு நாள் வர வேண்டும். இரண்டே நாளில் தீர்கிறது என்றால் நீங்கள் ஒரு நாளைக்கு ஆறு லார்ஜ் குடிக்கிறீர்கள். மருத்துவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். உங்களுக்கான மாத்திரையின் அளவை அவர் இதை வைத்துத்தான் முடிவு செய்வார். குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துவிடும்.

சரி, அந்த 3 மணிக்கு வருவோம். 40 சதவீத விஸ்கியில் ஒரு லார்ஜில் சுமார் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் வெளியேற்றும். இரவு 10 மணிக்கு உள்ளே போன இரண்டு லார்ஜ் தீர நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டால் 2 மணி, 3 மணி. மது இறங்க இறங்க, முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த மூளை விழித்துக்கொள்கிறது. நெஞ்சு படபடப்பும் வியர்வையும் அதனால்தான். அதாவது, மதுவை நிறுத்தும்போது வரும் விலகல் விளைவு, ஒவ்வொரு இரவும் உங்களுக்குச் சின்னதாக நடக்கிறது. காலை நடுக்கம் அதன் தொடர்ச்சி.

கனவுகளுக்கும் காரணம் இருக்கிறது. கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தை மது இரவின் முதல் பாதியில் அமுக்கிவிடும். பின்பாதியில் அது மொத்தமாகத் திரும்பி வரும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் மது குறைக்கிறது, அதனால்தான் இரண்டு முறை எழுகிறீர்கள். இவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, மது போனால் இவையும் பெரும்பாலும் போய்விடும். குறட்டையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. தொண்டைத் தசைகளை மது தளர்த்துவதால் குறட்டை கூடும். தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3 மணிக்கு விழித்தால் கல்லீரல் என்ற கதை, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நேரம் வைக்கும் பழைய சீன மருத்துவ நம்பிக்கையிலிருந்து வந்தது. இரவு 1 முதல் 3 வரை கல்லீரலின் நேரம் என்பார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. கல்லீரல் யாரையும் மணி அடித்து எழுப்புவதில்லை. மதுவால் கொழுப்புப் படியும்போதுகூட அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மூன்று வருடம் தினமும் குடித்திருக்கிறீர்கள் என்பதற்காக, ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். ஆனால் ஒன்று, கல்லீரல் சோதனை நன்றாக வந்துவிட்டது, அதனால் நடுக்கம் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. இணையத்தில் இப்படிப்பட்ட பயமுறுத்தல்களால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பயப்பட வேண்டாத இடத்தில் பயமுறுத்தி, கவனிக்க வேண்டிய இடத்தை மறைத்துவிடுகின்றன.

அந்த அல்பிரசோலத்தை இன்றே நண்பரிடம் திருப்பிக் கொடுங்கள். மதுவும் அதுவும் மூளையில் ஒரே இடத்தில் வேலை செய்பவை. இரண்டும் சேர்ந்தால் தூக்கம் மட்டும் ஆழமாகாது, மூச்சும் மந்தமாகும், நிற்கவும் செய்யலாம். வாந்தி வந்தால் எழுந்துகொள்ளும் நிலையிலும் இருக்க மாட்டீர்கள். நன்றாகத் தூங்கட்டும் என்று அன்போடு அவர் கொடுத்திருக்கலாம். அதற்காக ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் விழுங்குவதை என்னால் ஏற்க முடியாது, அதுவும் விஸ்கியோடு. குடியை நிறுத்தும்போது மருத்துவர் தருவதும் இதே குடும்பத்து மாத்திரையாக இருக்கலாம். அப்படியென்றால் நானே போட்டு நிறுத்திக்கொள்கிறேனே என்று இறங்கிவிடாதீர்கள். அங்கே அளவும், நாள் கணக்கும், கண்காணிப்பும்தான் சிகிச்சை. அவை இல்லாமல் மாத்திரை மட்டும் இருந்தால், ஒரு பழக்கம் போய் இரண்டு பழக்கம் ஆகும்.

நடுக்கம் இல்லாத, எப்போதாவது குடிக்கிற வாசகர்களும் இதைப் படிப்பீர்கள். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை உங்களுக்குப் பொருந்தாது. குடித்த இரவுகளில் மட்டும் பாதியில் விழிப்பு வருகிறதா? இரண்டு வாரம் குடிக்காமல் இருந்து பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

வாசகரே, நிறுத்திய பிறகு என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் மறுபடி பாட்டிலைத் தொடுவது இந்தக் கட்டத்தில்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் இப்போதைவிட மோசமாக இருக்கும். 'பார்த்தாயா, குடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்' என்று மனம் சொல்லும். அதை நம்பாதீர்கள். மூளை பழைய நிலைக்குத் திரும்பும்போது வரும் தூக்கமின்மை அது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சரியாகும், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். தூக்கம் வராமல் படுக்கையில் புரளாதீர்கள், எழுந்து போய் வேறு அறையில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுங்கள். கடிகாரத்தைப் பார்வையில் படாத இடத்தில் வையுங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக நாங்கள் பரிந்துரைப்பது இப்படிப்பட்ட நடத்தைப் பயிற்சியைத்தான். மறுபடி குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. உங்களுக்கு ஏற்றது எது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நிறுத்தும் நாட்களில், குறிப்பாக முதல் நான்கு நாட்கள், தனியாக இருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வலிப்பு, இல்லாதது தெரிவது, இடமும் நேரமும் புரியாமல் பேசுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லி வையுங்கள்.

மது இல்லாமல் மூன்று நான்கு வாரம் ஆன பின்பும் 3 மணிக்கே விழிப்பு வந்து, காலையில் மனம் பாரமாகி, எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்பு தூக்கம் கெட்டதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கவும் கூடும். அப்போது மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் மட்டும் மூன்று வாரம் என்ன, மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.