இரவில் கணினியை அணைப்பதா, ஓடவிடுவதா?

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தை வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்கின்றன. ஆகவே அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஒரு மேசைக் கணினி இருக்கிறது. மகன் படிப்புக்கும், நான் வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதும் வேலைக்கும் அதையே பயன்படுத்துகிறோம். என் கணவர் படுக்கப் போகுமுன் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்; சில நாட்களில் கணினியை மூடாமலேயே தட்டிவிடுவார். அடிக்கடி அணைத்துப் போட்டால் கணினி சீக்கிரம் பழுதாகிவிடும், ஓடவிடுவதே நல்லது என்று மகன் வாதாடுகிறான். மின்சார பில் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சு திரும்பவும் தொடங்கிவிடுகிறது. யார் சொல்வது சரி? – ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு.

பதில்: சகோதரி, இதில் நான் உங்கள் கணவரின் பக்கம். ஆனால் கணினியை முறைப்படி மூடாமல் சுவிட்சைத் தட்டும் பழக்கத்தை மட்டும் அவர் இன்றோடு விட்டுவிட வேண்டும். ஒரு கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அது பாதியில் அறுந்துபோகும். அறுந்தது உங்கள் கணக்குக் கோப்பாகவும் இருக்கலாம், விண்டோஸ் தன் தேவைக்கு வைத்திருக்கும் கோப்பாகவும் இருக்கலாம். முதலில் ஷட் டவுன், பெட்டியின் விளக்கு அணைந்து காற்றாடி நின்ற பிறகு சுவர் சுவிட்ச். இந்த வரிசை எந்த அவசரத்திலும் மாறக்கூடாது.

உங்கள் மகன் சொல்வதும் ஆதாரமில்லாத பேச்சன்று. குளிர்ந்திருந்த பாகங்கள் மின்சாரம் பாய்ந்ததும் சூடேறி விரிகின்றன, அணைத்ததும் ஆறிச் சுருங்குகின்றன; இப்படி விரிந்து சுருங்குவது பற்றவைத்த இணைப்புகளை நாளடைவில் தளர்த்தும் என்பதும், ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் நேரமே அதற்குக் கடினமான நேரம் என்பதும் உண்மையே. ஆனால் எத்தனை முறைக்கு அது தாங்கும் என்று பார்க்க வேண்டும். வீட்டுக் கணினிகளுக்கான ஹார்ட் டிஸ்க்குகளில் பல, 50,000 முறை நின்று தொடங்கத் தாங்கும் என்று குறிக்கப்பட்டே விற்பனைக்கு வந்தவை. நீங்கள் நாளுக்கு இரண்டு முறை அணைத்துப் போட்டாலும் பத்து ஆண்டுகளில் 7,300 முறைதான் ஆகிறது. அதற்குள் அந்தக் கணினியே உங்கள் வீட்டில் இருக்காது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பொருத்திய கணினி என்றால் சுழலும் பாகமே அதில் இல்லை. இந்தக் கவலைக்கே இடமில்லை.

நம் ஊரில் கணினியின் ஆயுளைத் தின்பது வெப்பமும் தூசியும்தான், இரண்டும் அது ஓடும் மணிக்கணக்கோடு சேர்ந்து வளர்பவை. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலும், மின்சாரம் தரும் பவர் சப்ளையிலும் உருளை வடிவில் நிற்கும் கெப்பாசிட்டர்கள் என்ற மின்தேக்கிகளின் உள்ளே ஒருவகைத் திரவம் இருக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. ஏர்கான் இல்லாத அறையில் பிற்பகலில் 32 பாகை இருக்கும்போது பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குளிரூட்டிய அலுவலகத்தில் இரவு பகலாக ஓடும் கணினியை உதாரணம் காட்டி வீட்டுக் கணினிக்கு முடிவு சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

சென்ற ஆண்டு ஜார்ஜ்டவுனில் ஒரு நண்பர் வீட்டில், இரண்டு ஆண்டுகளாக இரவிலும் ஓடிய ஒரு கணினியைத் திறந்தேன். பிராசசரின் மேலிருந்த காற்றாடிக்கும் அதன் அடியிலிருந்த உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. விரல் நகத்தால் நெம்பினால் முழுத் துண்டாகவே கழன்று வந்தது. பவர் சப்ளைக்குள் காய்ந்துபோன ஒரு பல்லியும் கிடந்தது. வெதுவெதுப்பான இருட்டு மூலை கிடைத்தால் பல்லியும் எறும்பும் நுழையாமல் இருக்குமா? காற்றாடி சுற்றும் ஒவ்வொரு மணி நேரமும் அறையின் தூசியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆறு ஆண்டுக் கணினி என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத் தகட்டை ஒருமுறைகூடக் கழற்றியதில்லை என்றால், அணைப்பதா விடுவதா என்ற கேள்விக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, காற்றாடி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடைத்தெடுத்தால் போதும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவரும் பயன்படுத்தாமல் சும்மா ஓடும் மேசைக் கணினி, திரை அணைந்திருந்தாலும், 80 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்குக் கணினி இது கூடும், குறையும். நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை போக மிச்சம் இருபது மணி நேரம் அது வீணே ஓடினால் நாளொன்றுக்கு 1.6 யூனிட், மாதத்துக்கு 48 யூனிட். எளிதாகக் கணக்குப் போட ஒரு யூனிட்டுக்கு 45 காசு என்று கொண்டால் மாதம் 21 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. ஆண்டுக்கு ஏறத்தாழ 260 வெள்ளி. அதே இருபது மணி நேரம் ஸ்லீப் என்ற உறக்க நிலையில், 3 வாட்டில் கிடந்தால் மாதம் 81 காசுதான். ஷட் டவுன் செய்து சுவிட்சை மட்டும் போட்டு வைத்திருந்தால் அதிலும் குறைவு. உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்து இதை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மகனையே போடச் சொன்னால் இன்னும் நல்லது.

இதிலிருந்து ஒன்று தெரியும். காசுக் கணக்கில் ஸ்லீப்புக்கும் ஷட் டவுனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பகலில் சமைக்கவோ கடைக்கோ எழுந்து போகும்போது ஸ்லீப்பில் போடுங்கள். திறந்திருந்த கோப்புகள் நினைவகத்தில் அப்படியே இருக்கும், திரும்பி வந்து விசையைத் தட்டினால் இரண்டு மூன்று வினாடிகளில் வேலையைத் தொடரலாம். ஆனால் அந்த நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும் என்பதால், ஸ்லீப்பில் போடுமுன் கோப்பைச் சேமித்துவிடுவது நல்லது. ஹைபர்னேட் என்ற நிலை நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுவதுமாக அணைந்துவிடும். அதில் மின்தடைக்குப் பயமில்லை. இரவில் ஷட் டவுன்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதை அறியாமல் பலர் திண்டாடுகிறார்கள். பாயான் லெப்பாசில் இருக்கும் என் அக்கா, "தம்பி, தினமும் ராத்திரி அணைக்கிறேன், அப்படியும் ஆமை மாதிரி ஊருது" என்று குறைப்பட்டார். அவருடைய கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் என்ற வரியைப் பார்த்தேன். இருபத்துமூன்று நாட்கள் என்று இருந்தது. அக்கா பொய் சொல்லவில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் என்பது பழைய பொருளில் முழு அணைப்பு அல்ல. நாம் திறந்த நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் அடிப்படைப் பகுதியான உட்கருவை மட்டும் டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து விரித்துக்கொள்கிறது. அதனால்தான் சீக்கிரம் திறக்கிறது. அதனால்தான் உள்ளே சேர்ந்த சிக்கலும் மறுநாளைக்குக் கூடவே வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் அடியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால் அந்த ஒருமுறை முழுமையாக அணையும். அக்காவை வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை.

விண்டோஸ் புதுப்பிப்புகள் இரவில்தானே இறங்கும் என்று மகன் கேட்கக்கூடும். மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் வெளியாகிறது. நமக்கு அப்போது புதன்கிழமை அதிகாலை ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகியிருக்கும். அன்று பகலில் கணினியைப் போட்டாலே அது இறங்கிவிடும், அதற்காக இரவு முழுவதும் காத்திருக்கத் தேவையில்லை. ஆறு ஆண்டுக் கணினி என்பதால் இதையும் சொல்கிறேன்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்களுடையது இன்னும் அதிலேயே இருந்தால், புதுப்பிப்பு வராத கணினியை இரவு பகலாக இணையத்தில் விட்டுவைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். காவல் கேமராப் பதிவு, இரவில் எடுக்கும் பெரிய காப்புப்பிரதி போன்ற வேலை இருப்பவர்கள் ஓடவிடலாம். அவர்களுக்கு அது தேவை.

கேள்வி: ஐயா, கணினியை ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டால் இடி மின்னலுக்குப் பயப்பட வேண்டியதில்லை அல்லவா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்தூல், கோலாலம்பூர்.

பதில்: ஐயா, பயப்பட வேண்டும். ஷட் டவுன் செய்த கணினி இன்னும் மின்கம்பியோடு இணைந்தே இருக்கிறது. சுவர் சுவிட்சின் உள்ளே இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். பல சுவிட்சுகள் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும், எர்த் கம்பி எப்போதும் இணைந்தே கிடக்கும். வானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்து வரும் மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. பிளக்கைக் கழற்றி விலக்கி வைப்பது ஒன்றே வழி.

அதிலும் பாதி மட்டும் செய்தால் பயனில்லை என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில், ஓர் அக்டோபர் மாதப் பிற்பகல், வானம் கறுத்ததும் கணினியின் மின்பிளக்கைக் கழற்றி வைத்தேன். மோடத்திலிருந்து வந்த நெட்வொர்க் கேபிளை மறந்துவிட்டேன். ஒரே ஓர் இடி. மோடத்தின் ஓரம் கருகியிருந்தது. கணினி திறந்தது, ஆனால் அதன் நெட்வொர்க் துளைக்கு உயிரில்லை. இன்று பல வீடுகளுக்கு வரும் ஃபைபர் கம்பி கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்சாரம் வராது. எனினும் ரூட்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டரும், ரூட்டரிலிருந்து கணினிக்கு வரும் கேபிளும் உலோகமே. ஆகவே கணினி, ரூட்டர், பிரிண்டர் மூன்றின் பிளக்கையும், நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

இதைப் புயல் வருமுன் செய்ய வேண்டும். மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, அதற்குமேல் கம்பிகளைத் தொடாதீர்கள். கணினி போனால் போகட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பதால், அந்த மாதங்களில் பகலில் வெளியே கிளம்பும்போதே பிளக்கைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டர் சிறு அதிர்ச்சிகளைத் தாங்கும், ஒவ்வொன்றையும் தாங்கத் தாங்கத் தானும் தேயும். அதன் காப்பு விளக்கு அணைந்திருந்தால் அது வெறும் நீட்டிப்புப் பெட்டிதான்.

கேள்வி: நான் தினமும் சுவர் சுவிட்சை அணைப்பவன். சில வாரங்களாகக் காலையில் கணினியைப் போட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுகிறது, வங்கியின் இணையப் பக்கமும் திறக்க மறுக்கிறது. அணைத்ததால் கெட்டுவிட்டதா? – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்.

பதில்: கெடவில்லை. மதர்போர்டில் சிஆர்2032 என்ற, காசு வடிவிலான 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. சுவர் மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சுவிட்ச் போட்டே கிடக்கும் கணினியில் அதற்கு வேலை குறைவு, உங்களுடையதில் இரவெல்லாம் வேலை. ஆகவே சற்று முன்னதாகத் தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் வங்கிப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்று காலத்தால் பொருந்தாது, அதனால்தான் மறுக்கிறது. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலும் இந்தப் பேட்டரி கிடைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பழையதன் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை மெல்லத் தள்ளினால் அது தானே எழும்பும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி பொருத்தி, கணினியைப் போட்டுத் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். வங்கிப் பக்கம் திறக்கும்.