நத்தாருக்கு ஒரு போத்தல் மெர்லோ

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மகன் மெர்லோ என்ற சிவப்பு வைன் கொண்டுவந்திருக்கிறான். நத்தாருக்குத் திறக்கப்போகிறோம். சுவை எப்படி இருக்கும்? என்ன சமைக்கலாம்?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: நுவரெலியாவில் ஹோட்டல் சாப்பாட்டறையில் 26 வருடம் பரிமாறியவன் நான். முதன்முதலாக வைன் குடிப்பவர்களுக்கு மெர்லோவைத்தான் ஊற்றிக்கொடுப்பேன். பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சை அது. பிளம்ஸ், செரிப்பழ வாசனை வரும். அதன் உறவுக்காரத் திராட்சையான கபர்னே சோவினியோனைவிடத் துவர்ப்பு குறைவு.

துவர்ப்பை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அதிக நேரம் ஊறிய சாயத்தண்ணி நாக்கைப் பிடிக்குமே, அதேதான். பால் ஊற்றினால் அந்தப் பிடி தளரும் அல்லவா? வைனுக்கு இறைச்சியும் சீஸும் அந்த வேலையைச் செய்யும்.

அதனால் மிளகு தடவி வாட்டிய கோழி, மாட்டிறைச்சி, தக்காளி சேர்த்த ஆட்டிறைச்சி, எது என்றாலும் சரி. பக்கத்தில் நம்மூர் உருளைக்கிழங்கும் லீக்ஸும் வதக்கி வையுங்கள். கொச்சிக்காய்த்தூளை மட்டும் தயவுசெய்து குறையுங்கள். உறைப்பு கூடினால் வைன் எரியும், பழச்சுவை ஓடிவிடும். மீன் வேண்டாம், வாயில் இரும்புச் சுவை தட்டும்.

அப்புறம், பிரிஜ்ஜில் வைக்காதீர்கள். மெர்லோவுக்கு 16 பாகை அளவு குளிர் போதும். மார்கழியில் உங்கள் வீட்டு அலுமாரியே அதைக் கொடுத்துவிடும்.