வாவியோரக் கண்டலுக்கு மானியம்: விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எங்கள் மீனவர் சங்கம் வாவியோரம் கண்டல் (அலையாத்தி) மரங்கள் நட உத்தேசித்துள்ளது. 10,000 கன்றுகள் நடுவோம் என்று எழுதிச் சிறு மானியம் கேட்டோம். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. எங்கே பிழை விட்டோம்?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: பிழை அந்த 10,000இல்தான். எத்தனை நட்டீர்கள் என்பதைவிட, எத்தனை தப்பும் என்றுதான் மானியக் குழுக்கள் பார்க்கின்றன. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட்டும் தேறியது 200 ஹெக்டேயர் சொச்சமே. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடம், மாடு மிதித்தல், நட்டபின் பராமரிக்காமை ஆகியவையே முக்கிய காரணங்கள்.

மட்டக்களப்பு வாவியில் இடத்தேர்வு இன்னும் கவனமாக நடக்க வேண்டும். இங்கே கடற்கரை போல நீர் தினமும் பெரிதாக ஏறி இறங்காது. மாரியில் ஏறிய நீர், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைத்த மணல்மேடு வெட்டுப்படும்வரை அப்படியே நிற்கும். இலை மூழ்கி வாரக்கணக்கில் கிடந்தால் இளங்கன்று அழுகிவிடும். ஆகவே எழுதுவதற்கு முன் கரையிலிருந்து நீர்ப்பக்கமாக ஐந்தாறு கம்புகளை வரிசையாக ஊன்றி, மாரியிலும் கோடையிலும் நீர் எட்டும் மட்டத்தை நிறப்பூச்சால் குறியுங்கள். பக்கத்தில் தானாக முளைத்த கன்றுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்றும் பாருங்கள். உங்கள் இடத்திலேயே அவை தாராளமாக முளைத்திருந்தால் நடவே வேண்டாம், மாடு புகாமல் வேலி போட்டாலே காடு வரும். அதற்குப் பணம் கேட்பதும் நல்ல திட்டம்தான்.

நடுவதானால் ஒரு மீற்றர் இடைவெளியில் அரை ஹெக்டேயருக்கு 5,000 கன்றுகள், பட்டுப்போனவற்றுக்குப் பதிலாக இன்னும் 1,000. நீண்ட முளைக்காய் விடும் கண்டல் இனமானால், அந்தக் காயை மூன்றிலொரு பங்கு சேற்றில் அமிழ ஊன்றினால் போதும், அதற்கு நாற்றுமேடைச் செலவு தேவையில்லை. மிச்சப்படும் பணத்தை வேலிக்கும் மூன்று வருடக் காவலுக்கும் ஒதுக்குங்கள்.

உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டத்தில் நெடுங்காலம் உச்சவரம்பு 50,000 டொலராக இருந்தது. இப்போதைய தொகையை விண்ணப்பம் கோரும் அழைப்பில் பாருங்கள். தனியாட்களுக்குக் கிடையாது, அமைப்புகளுக்கே. சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்பு மூன்றையும் தயாராக வையுங்கள். பணம் தவணையாகவே வரும், முதல் தவணைக்குப் பற்றுச்சீட்டுக் காட்டாமல் அடுத்தது வராது. உங்கள் பங்களிப்பையும் கேட்பார்கள். அங்கத்தவர் உழைப்பை ஊர் நாட்கூலியில் கணக்கிட்டு எழுதலாம், ஆனால் வேலைக்கு வந்தோரின் வரவுப் பதிவேடு இருக்க வேண்டும். வாவிக்கரை சங்கத்தின் காணியல்ல. வனத் திணைக்களத்தினதும் பிரதேச செயலாளரினதும் சம்மதக் கடிதங்களை முதலிலேயே வாங்கி, கம்புகளில் குறித்த இரு பருவ அளவுகளோடு இணைத்து அனுப்புங்கள்.