ஊசி குத்துவது தெரிகிறதா?

(வாசகர் கேள்வி – பதில்)

முண்ணாண் (முதுகெலும்புக்குள்ளே ஓடும் நரம்புத் தண்டு) அடிபட்டவர்கள் மருத்துவ ஆராய்ச்சிகளில் சேர்வதைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கே இத்தனை கடிதங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் வைத்தியன் இல்லை. கொட்டாஞ்சேனையில் வயரிங் வேலை செய்துகொண்டிருந்தவன். 2008இல் இரண்டாம் மாடி சிலாப்பிலிருந்து விழுந்தேன். அன்றிலிருந்து தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை, சக்கர நாற்காலிதான். இரண்டு ஆராய்ச்சிகளில் பெயர் கொடுத்தேன். ஒன்றை முடித்தேன், மற்றதிலிருந்து பாதியில் விலகினேன். மருந்தைப் பற்றி உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் என்னிடம் கேட்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. எட்டு மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தில் அடிபட்டது. சி6, அதாவது கழுத்தில் ஆறாவது நரம்பு மட்டம் என்கிறார்கள். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டு எழுந்து நடக்கிற ஒரு பையனின் வீடியோவை மச்சாள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த இடத்தோடு கதைத்தோம். "இது ஆராய்ச்சி, இடம் குறைவு, சீக்கிரம் சேருங்கள்" என்று சொல்லி 45 இலட்சம் ரூபாய் கேட்கிறார்கள். இருக்கிற காணியை விற்கலாம் என்கிறார் இவர். சேரட்டுமா தம்பி?
— ஒரு தாய், வத்தளை

பதில்: அக்கா, முதலில் காணியை விற்காதீர்கள். மற்றதைப் பிறகு ஆறுதலாகப் பேசுவோம்.

ஒரு ஊசி வேலை செய்யுமா என்று தெரியாததால்தான் அதை ஆராய்ச்சி செய்கிறார்கள். வேலை செய்யுமா என்று தெரியாத சாமானுக்கு விலை போட்டு விற்பவரை நாங்கள் கடைத்தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்? சரியான ஆராய்ச்சியில் அந்த ஊசிக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் செலவு அவர்களுடையது. பல இடங்களில் போய்வரும் பயணக் காசையும் கொடுப்பார்கள். உங்கள் மகன் தன் உடம்பைக் கொடுக்கிறான். அதற்கு மேல் 45 இலட்சமுமா?

அந்த வீடியோப் பையன் நடந்தது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அடிபட்டு எத்தனையாவது மாதத்தில் ஊசி போட்டார்கள் என்று கேட்டீர்களா? முண்ணாணில் அடிபட்ட பிறகு முதல் மூன்று மாதம் கொஞ்சம் வேகமாகவும், அப்புறம் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை மெதுவாகவும், ஓரளவு தானாகவே திரும்பும். முழுப் பாதிப்பு என்று ஆரம்பத்தில் எழுதப்பட்டவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் ஏதாவது உணர்வோ அசைவோ வந்துவிடுகிறது. நான் வாட்டில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்து ஐயா ஒருவர், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். ஆறாம் மாதம் ஒரு காலைப்பொழுதில் கால் பெருவிரலை ஆட்டினார். கதிர்காமத்துக்கு வைத்த நேர்த்தி என்றார் மனைவி. தன் பயிற்சி என்றார் பிசியோ மிஸ். ஐயாவோ, வீட்டிலிருந்து வந்த ஏதோ எண்ணெய் என்றார். அதற்கு முந்தின மாதம் யாராவது அவருக்கு ஸ்டெம் செல் போட்டிருந்தால் அந்தப் பெருவிரல் இன்று உங்கள் மச்சாளின் போனில் ஓடிக்கொண்டிருக்கும்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லைதானே என்று நினைக்காதீர்கள். 2014இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வந்த விவரம் இது. 18 வயதில் முண்ணாண் அடிபட்ட ஒரு பெண், மூன்று வருடம் கழித்து, தன் மூக்கின் உள்சதையிலிருந்து எடுத்த செல்களை அடிபட்ட இடத்தில் வைத்துக்கொண்டார். நடக்கவில்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு முதுகுவலி என்று போனால், முண்ணாணில் ஒரு கட்டி. அது மூக்குச்சளி மாதிரிச் சுரந்துகொண்டிருந்தது. வெட்டித்தான் எடுத்தார்கள். இன்னொன்று: முன்பு எங்கேயாவது செல் ஊசி போட்டவர்களைப் பல நல்ல ஆராய்ச்சிகள் சேர்ப்பதே இல்லை. அவசரப்பட்டு இன்று போடும் ஊசி, பத்து வருடம் கழித்து உண்மையாகவே ஒன்று வரும்போது உங்கள் மகனை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

எப்படிச் சரிபார்ப்பது? எங்கள் நாட்டில் இலங்கை மருத்துவச் சங்கம் 2006இலிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறது. சங்கம் இருப்பது கொழும்பு 7, விஜேராம மாவத்தையில். இங்கே நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் அதில் எண்ணோடு பதிவாகும், யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதைவிட முக்கியம், சேர்பவர்களுக்கு ஆராய்ச்சி நியாயமானதா என்று முன்கூட்டிப் பார்க்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி. கின்சி வீதியில் இருக்கும் கொழும்பு மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு உண்டு, மற்ற மருத்துவ பீடங்களிலும் உண்டு. உங்களிடம் காசு கேட்டவர்களிடம் எந்தக் குழு அனுமதித்தது, கடிதத்தைக் காட்டுங்கள் என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பதிவு எண் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அமெரிக்க அரசின் பெரிய பதிவேட்டிலேயே, காசு வாங்கும் கிளினிக்குகள் தங்கள் பெயரை ஏற்றி வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பதற்கு அரசாங்கம் சரி என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

சி6 என்றால் மகனுக்கு மணிக்கட்டைத் தூக்க வரும் என்று நினைக்கிறேன். மணிக்கட்டு மேலே போகும்போது விரல்கள் தானாக மடங்கும். அந்த மடக்கில் ஒரு கரண்டியைப் பிடிக்கலாம், பல் விளக்கலாம். பாவம் விரல் மடங்கிக் கிடக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து நீட்டி நீட்டி இழுத்தால் அந்தப் பிடி போய்விடும். இதைப் பற்றி இந்தக் கிழமையே பிசியோவிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆராய்ச்சி என்றால் நாங்கள் என்ன எலிகளா? பாதிப்பேருக்கு வெறும் தண்ணீரை ஊசியாகப் போட்டு ஏமாற்றுவார்களாம். இதற்கு நீங்கள் வேறு ஆள் பிடிக்கிறீர்கள்.
— எஸ். ஆர்., மட்டக்குளி

பதில்: ஐயா, எலியிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. போலி மருந்து கிடைக்கலாம் என்பதைப் படிவத்திலேயே எழுதி, வாசித்துக் காட்டித்தான் சேர்ப்பார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வது எப்படி ஏமாற்றாகும்? எனக்கு எது கிடைத்தது என்று எனக்கும் தெரியாது, ஊசி போடும் டொக்டருக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

ஏன் இந்தத் தொல்லை என்றால், இரண்டு பழைய கதை சொல்கிறேன். மெதில்பிரெட்னிசோலோன் என்று ஒரு ஸ்டீரொய்ட். அடிபட்டு 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நல்லது என்று 1990இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று சொன்னது. உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். பிறகு கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் பலன் உறுதியாகத் தெரியவில்லை. தொற்று, வயிற்றில் இரத்தக் கசிவு போன்ற கெடுதல்தான் தெரிந்தது. 2013இல் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வழிகாட்டி, கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. நல்லது மாதிரித் தெரிவதும் நல்லதும் ஒன்றல்ல என்று கண்டுபிடிக்க 23 வருடம்.

மற்றது ஜிஎம்-1 என்ற மருந்து. வட அமெரிக்காவில் 760 பேர் அளவில் சேர்த்துப் பார்த்தார்கள், முடிவு 2001இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் பார்த்தபோது மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை. மருந்து தோற்றது. ஆனால் நீங்கள் "வெறும் தண்ணீர்" என்று சொல்கிற அந்த ஊசி பெற்றவர்களை ஒழுங்காக அளந்து வைத்திருந்தார்கள் பாருங்கள், அந்தக் கணக்கை வைத்துத்தான் முண்ணாண் தானாக எவ்வளவு திரும்பும் என்று பிறகு வந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள். வத்தளை அக்காவுக்கு மேலே நான் எழுதிய "ஐந்தில் ஒருவர்" என்ற மாதிரிக் கணக்கெல்லாம் அப்படிப்பட்டவர்களின் உடம்பிலிருந்து வந்ததுதான். ஆள் பிடிப்பதற்கு எனக்கு யாரும் கொமிஷன் தருவதில்லை. தந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

கேள்வி: தம்பியை ஒரு ஆய்வுக்குச் சேர்க்க முன் பரிசோதித்தார்கள். உடம்பு முழுக்க ஊசியால் குத்தினார்கள். கடைசியில் ஆசனவாயிலும் விரல் வைத்துப் பார்த்தார்களாம். வந்து ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இது தேவையா?
— அக்கா ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தேவைதான் தங்கச்சி. ஆனால் செய்வதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தம்பி பேசாமல் இருந்ததில் நியாயம் இருக்கிறது.

அது உலகம் முழுக்க ஒரே மாதிரிச் செய்யும் பரிசோதனை. கண்ணை மூடச் சொல்வார்கள். தலைக்குப் பின்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு பக்கமும் 28 இடம். ஒரு முறை பஞ்சால் தொடுவார்கள், ஒரு முறை சேஃப்டி பின் ஊசியால் குத்துவார்கள். தெரிந்தால் 2, மாறித் தெரிந்தால் 1, தெரியாவிட்டால் 0. எல்லாம் சரியாக இருப்பவருக்குப் பஞ்சுக்கு 112, ஊசிக்கு 112. அப்புறம் ஒவ்வொரு பக்கமும் பத்துத் தசைக்கு 5 வரை மார்க், மொத்தம் 100. சோதனை மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரித்தான் இருக்கும். "குத்துவது தெரிகிறதா?" என்று கேட்கும்போது, தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று சொல்ல வாய் வரும். நான் இரண்டு தடவை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். அந்த நேரம் டொக்டரின் கை என் காலில் இல்லவே இல்லை.

முண்ணாணின் கடைசி நரம்புகள் போய்ச் சேரும் இடம் ஆசனவாய். அங்கே கொஞ்சமாவது உணர்வோ இறுக்கமோ இருந்தால் பாதிப்பு முழுமையானது இல்லை. அந்த ஒரு விடயத்தில் ஏ (முழுப் பாதிப்பு), பி (முழுமையில்லாத பாதிப்பு) என்ற தரமே மாறிவிடும், ஆய்வில் சேரலாமா என்பதும் மாறலாம். திரை இழுத்து மூடச் சொல்லவும், ஆண் டொக்டர் வேண்டும் என்று கேட்கவும், மாணவர்கள் கூட்டமாக நின்றால் வெளியே போகச் சொல்லவும் தம்பிக்கு உரிமை இருக்கிறது. அடுத்த தடவை நீங்களே கேளுங்கள், அவன் கேட்க மாட்டான்.

கேள்வி: எனக்கு அடிபட்டுப் பதினொரு வருடம். பழைய ஆட்களை யாராவது ஆராய்ச்சிக்கு எடுப்பார்களா?
— தெஹிவளை வாசகர்

பதில்: எடுக்கிறார்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்குத் தோலுக்கு மேலே மின்தகடு ஒட்டி, மெல்லிய மின்சாரம் கொடுத்தபடி கைப்பயிற்சி செய்யும் ஒரு ஆராய்ச்சியின் முடிவு 2024 மே மாதம் வெளியானது. முடித்தவர்கள் 60 பேர். அதில் ஒருவர் அடிபட்டு 34 வருடம்! முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் மின்சாரத்தோடு பயிற்சி. 60 பேரில் 43 பேருக்குக் கையின் பலமும் பாவனையும் கூடின. அந்த வருடக் கடைசியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தக் கருவியை விற்க அனுமதித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பயிற்சியோடு தொடர்ந்த தனிக் குழு அதில் இல்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள். வயரிங்காரன் என்பதால் எனக்கு இந்தச் செய்தியில் கொஞ்சம் அதிகப் பாசம், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளையில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட வெளிநாட்டு ஆராய்ச்சியில் சேர்வது கஷ்டம். மாதக்கணக்கில் கிழமைக்குப் பல தடவை போக வேண்டியிருக்கும். இங்கே அடிக்கடி வருவது மேற்படிப்பு டொக்டர்களின் ஆய்வுகள்: படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, வீட்டுக்குப் போன பிறகு வேலை கிடைத்ததா என்ற கேள்விகள். நான் முடித்தது அப்படி ஒன்றுதான். முதலில் சிங்களத்தில் பன்னிரண்டு பக்கம் நீட்டினார்கள். தமிழில் தாருங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் அடுத்த கிழமை கொண்டுவந்தார்கள், மனுசி வாசித்துப் பார்த்து மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் கையெழுத்து வைத்தேன். விளங்காத மொழியில் ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: பாதியில் விலகினால் கிளினிக்கில் கோபிப்பார்களா?
— பெயர் வேண்டாம், தெமட்டகொடை

பதில்: காரணம் சொல்லாமலே விலகலாம், வழக்கமான வைத்தியத்தைக் குறைக்கக் கூடாது. கம்பனிகளும் விலகுகின்றன, தெரியுமா? மனிதக் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களை முதன்முதலில் ஒருவரின் முண்ணாணில் வைத்தது ஜெரோன் என்ற அமெரிக்க கம்பனி, 2010 ஒக்டோபரில். 2011 நவம்பரில் காசுக் கணக்குப் பார்த்து நிறுத்திவிட்டது. ஐந்தே பேருக்குத்தான் செல் போட்டிருந்தார்கள். நல்ல வேளை, அந்த ஐவரையும் கண்காணிப்பதை விடவில்லை, பத்து வருடத்துக்கு மேலும் பார்த்தார்கள். ஆகவே "நீங்கள் நிறுத்தினால் என்னை யார் பார்ப்பது?" என்ற கேள்வியையும் சேருமுன் கேட்டுவிடுங்கள்.

நான் விலகிய கதை சின்னது. கிழமைக்கு இரண்டு தடவை ஓட்டோவில் போய்வந்ததில் இடுப்பில் தோல் சிவந்துவிட்டது. புண்ணாக விட்டால் மூன்று மாதம் குப்புறப் படுக்க வேண்டும். ஆய்வு செய்த இளம் டொக்டர் பிள்ளையிடம் சொன்னேன். "சரி அங்கிள், இதுவரை எடுத்த அளவுகளைப் பாவிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். பாவியுங்கள் என்றேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு போன் நம்பர் இருக்கும், ஒன்று ஆய்வு செய்பவருடையது, மற்றது ஒழுக்கநெறிக் குழுவுடையது. முதல் நாளே இரண்டையும் போனில் சேவ் பண்ணிவிடுங்கள். என் போனில் அந்தப் பிள்ளை இன்னும் "ஊசி டொக்டர்" என்றுதான் இருக்கிறார்.