ரம்பம் கோணுவதற்குப் பெரும்பாலும் மேசைதான் காரணம்

மரவேலை வகுப்பில் பெட்டி செய்யும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அறுத்தால் ரம்பம் போட்ட கோட்டிலிருந்து விலகுகிறது, ஆணி அடித்தால் பலகை பிளக்கிறது, பாதிப் பேர் ஆர்வம் இழந்துவிட்டார்கள் என்கிறீர்கள். பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அறுக்கிறார்களா? அப்படியென்றால் யார் அறுத்தாலும் கோணும். கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள். மேசை பெரியவர்கள் உயரத்துக்கு இருந்தால் பிள்ளைகளுக்குத் தோள் தூக்கிக்கொள்ளும், கை நேராக ஓடாது. காலடியில் ஒரு உறுதியான பலகைமேடை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். தள்ளும்போது அறுக்கும் ரம்பம் என்றால், முதலில் இரண்டு மூன்று முறை தன் பக்கம் மெல்ல இழுத்து, பள்ளம் விழுந்த பிறகே தள்ளச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் கைப்பிடியின் பக்கவாட்டில் நீண்டிருக்கட்டும். அழுத்த வேண்டாம், நீளமாக ஓட்டினால் போதும் (இதைத்தான் ஓயாமல் சொல்ல வேண்டியிருக்கும்).

ஆணிக்கு முன்னால் அதைவிடச் சற்று மெல்லிய துளை போடுங்கள். துளையிட வசதி இல்லையா, ஆணி முனையைச் சுத்தியலால் தட்டி மழுக்குங்கள். கூர்முனை மரநாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கியது நசுக்கிக்கொண்டு இறங்கும்.

அப்புறம், பாதுகாப்புக் கண்ணாடி உங்களுக்கும் சேர்த்துத்தான். பெட்டி செய்யும் வேலையை ஒத்திவைத்து, ஒரு வகுப்பு முழுக்கக் கழிவுக் கட்டைகளை அறுக்க விடுங்கள்.